கருக்கிய கட்டையை வைத்து உப்புநீரை வடிப்பது எப்படி?

உப்புநீரை வெயிலில் ஆவியாக்கி நன்னீராக வடிப்பது புது வித்தை இல்லை. 1872-லேயே சிலி நாட்டின் லாஸ் சலினாஸில், சுமார் 4,500 சதுர மீட்டர் கண்ணாடிக் கூரைக்கு அடியில் உப்புநீரைத் தேக்கி, நல்ல வெயில் நாளில் 20,000 லிட்டருக்கு மேல் நன்னீர் எடுத்தார்கள். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் அளவுதான். வீட்டில் செய்யும் சாதாரணத் தொட்டி வடிகலன், அதாவது சரிவான கண்ணாடி மூடிய பெட்டிக்குள் உப்புநீரை வைத்து, கண்ணாடியில் படியும் ஆவியைப் பாட்டிலில் பிடிக்கும் அமைப்பு, பெரும்பாலும் 2, 3 லிட்டரோடு நின்றுவிடும். ஆவியாவது மேல்பரப்பு நீர் மட்டும்தான். ஆனால் வெயில் தொட்டி நீர் முழுவதையும் சூடாக்கியாக வேண்டும். அங்கேதான் நஷ்டம்.

மேல்பக்கம் கருக்கிய மரத்துண்டை நீரில் மிதக்கவிட்டால் இந்த நஷ்டம் குறைகிறது. கரி வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். மரத்தின் நுண்குழாய்கள் ஆவியாகும் அளவுக்கு நீரை மேலே இழுத்துக் கொடுக்கும். அடியில் இருக்கும் நீருக்குச் சூடு அதிகம் இறங்காது.

இதில் பாதி வேலை மரத்தை அறுக்கும் விதத்தில் இருக்கிறது. நீளவாக்கில் அறுத்த பலகையில் குழாய்கள் படுத்துக் கிடக்கும், நீர் மேலே ஏறாது. அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, 2 முதல் 3 செ.மீ. கனமுள்ள வில்லைகளாக எடுக்க வேண்டும். பால்சா, இலவம் போன்ற இலேசான மரம் நல்லது. வைரம் பாய்ந்த மரத்தில் நீரும் சரியாக ஏறாது, சூடும் கீழே கடந்துவிடும்.

வில்லைகளை முதலில் வேகவைத்து, சாயம் இறங்குவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மேல்பக்கத்தை மட்டும் புளோ டார்ச்சால் கருக்குங்கள். 1, 2 மி.மீ. ஆழம் போதும். சாம்பல் நிறம் தட்ட ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்: சாம்பல் வெயிலைத் திருப்பி அனுப்பும், தொட்டி நீரில் காரத்தையும் ஏற்றும். கருக்கியதும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

மரம்தானே, மிதக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். குழாய்களில் இருக்கும் காற்று வெளியேறி நீர் நிரம்ப நிரம்ப, வில்லை தாழ்ந்துகொண்டே போகும். கரிப்பரப்பு நீருக்குள் மூழ்கிவிட்டால் மரம் இருந்தும் பயனில்லை. தெர்மோகோல் தகட்டில் வில்லை அளவுக்கு ஓட்டை வெட்டி, இறுக்கமாகச் செருகினால் நிலையாக நிற்கும். தொட்டி வறண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடும் சூட்டில் தெர்மோகோல் இளகி வளைந்துவிடும்.

அடுத்த தலைவலி உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 3 லிட்டர் வடித்தால் 100 கிராமுக்கு மேல் தங்கிவிடும். அது கரியின் மேல் வெள்ளையாகப் படிந்தால் வெயிலும் உள்ளே போகாது, குழாய்களும் அடைத்துக்கொள்ளும். இதற்கு, வில்லையில் ஒரு செ.மீ. இடைவெளியில் 2 மி.மீ. துளைகள் போட்டால் செறிந்த உப்புநீர் அவற்றின் வழியே கீழே இறங்கும். இரவில் படிவு தானாகக் கரையவும் இது உதவும். காலையில் பார்க்கும்போதும் வெள்ளை இருந்தால் தொட்டி நீர் கெட்டியாகிவிட்டது. அதைக் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்றுங்கள். வடிப்பதைப் போல இரு மடங்கு நீர் தினமும் உள்ளே போனால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் ஆவியாதல் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில் அடித்தால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1.5 கிலோ நீரை ஆவியாக்கும் வெப்பம்தான் அதில் இருக்கிறது. அந்த அளவைக்கூடத் திறந்த தட்டில், தராசில் வைத்து அளப்பார்கள். மூடிய பெட்டிக்குள் கதை வேறு. ஆவி குளிரும்போது விடும் வெப்பம் கண்ணாடியைச் சூடாக்கும், சூடான கண்ணாடியில் ஆவி படிவது குறையும். வில்லையை எவ்வளவு மெருகேற்றினாலும் கண்ணாடி குளிரவில்லை என்றால் பாட்டிலில் ஏறாது. கண்ணாடிமேல் காற்று படும் இடத்தில் பெட்டியை வையுங்கள். நீரை அளப்பதும் பாட்டில் வாயில் இருக்கட்டும்.

கண்ணாடிக்கு 15 டிகிரியாவது சரிவு வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆவி முத்து முத்தாக நின்று தொட்டிக்குள்ளேயே சொட்டும். சுத்தமான கண்ணாடியில் படலமாக வழிந்து, நன்னீரைப் பாட்டிலுக்குக் கொண்டுபோகும் வடிகாலுக்குப் போகும். பிளாஸ்டிக் தாளில் இந்தச் சொட்டல் இன்னும் அதிகம். வடிகால் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மூட்டுகளில் பூசிய சிலிக்கான் பசையின் புளித்த வாடை முழுக்கப் போகும்வரை வரும் நீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். புதுக்கரியின் புகைவாசனையும் அதோடு போய்விடும்.

இந்த முறையில் உப்பு, புளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். பெட்ரோல், கரைப்பான்கள், சில பூச்சிமருந்துகள் ஆவியோடு சேர்ந்தே மேலே வரும். அப்படிப்பட்ட நீரை இதில் ஊற்றவே கூடாது. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் அவற்றைக் காட்டாது. மீட்டர் வேறொன்றுக்கு உதவும்: வழக்கமாக 10, 20 காட்டும் நீர் திடீரென்று 100-ஐத் தாண்டினால், உப்புநீர் எங்கோ தெறித்தோ கசிந்தோ வடிகாலில் கலக்கிறது.

கட்டையின் பக்கங்களில் வழவழப்பு ஏறினால் எடுத்துக் கொதிநீரில் போட்டு, வெயிலில் உலர்த்துங்கள். கரி உதிர்ந்திருந்தால் லேசாகத் திரும்பக் கருக்கலாம். கையால் அழுத்தும்போது மெத்தென்று அமுங்கினால் அது அடுப்புக்கு. புதுசு ஒன்று அறுத்துக்கொள்ளுங்கள்.