ஓடிக்கொண்டிருக்கும் டைகர் 131

1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படையினர் கைப்பற்றிய டைகர் 131 என்ற ஜெர்மானிய டாங்கி, இன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் பேணப்படுகிறது. ஜெர்மனி தயாரித்த ஏறத்தாழ 1,350 முதல் வகை டைகர்களில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், இத்தனை அரிய பொருளை ஓட்டித் தேய்க்கலாமா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானதே. இருந்தும் அது ஓட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

1990-இல் தொடங்கிய சீரமைப்புப் பணியில் டாங்கி கிட்டத்தட்ட முழுமையாகப் பிரிக்கப்பட்டது. 2003-இல்தான் அது இயங்கும் எஞ்சினுடன் காட்சிக்குத் திரும்பியது. அந்த எஞ்சின் அதனுடையது அன்று. தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது 21 லிட்டர் மேபாக் எச்எல்210. இப்போது உள்ளிருப்பது, அதே அருங்காட்சியகத்தின் கிங் டைகர் என்ற பிந்தைய வகை டாங்கியிலிருந்து எடுத்துப் பொருத்திய 23 லிட்டர் எச்எல்230. ஒன்று ஓடுவதற்காக மற்றொன்று எஞ்சினை இழந்தது என்பது எனக்கு வருத்தம் தருகிறது; ஆனாலும் இரண்டும் ஊமையாக நிற்பதைவிட இதுவே மேல்.

பன்னிரண்டு சிலிண்டர்களும் 700 குதிரைத்திறனும் கொண்ட இந்தப் பெட்ரோல் எஞ்சின், 57 டன் எடையை நகர்த்தும் சுமையில் எளிதில் பழுதானதால், நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் வரை ஓடும்படி வடிவமைக்கப்பட்டிருந்தும் போர்க்காலத்திலேயே 2,500 சுற்றுகளுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. மின்சார ஸ்டார்ட்டர் உதவாதபோது, வீரர்கள் வண்டியின் பின்புறம் நின்று கைப்பிடியைச் சுழற்றி உள்ளிருக்கும் கனமான சக்கரத்தை வேகமேற்றுவார்கள். போதிய வேகம் வந்ததும் அதன் சுழற்சியை எஞ்சினோடு இணைப்பார்கள். எந்தக் கணத்தில் இணைக்க வேண்டும் என்பது கைக்கும் காதுக்கும் மட்டுமே பழகும் அறிவு.

அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் சில வகைகளிலும் இப்படித்தான். ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரைட் எஞ்சின் சிறிது நேரம் ஓடாமல் நின்றாலே ஆயில் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். கையால் சுற்றி அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால், பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். இதையெல்லாம் கையேட்டில் படிக்கலாம். ஆனால் சுற்றும்போது கை உணரும் எதிர்ப்பை எந்தப் பக்கமும் சொல்லித் தராது. ஓட்டுவதை நிறுத்தினால், ஒரு தலைமுறைக்குள் இந்தப் பழக்கம் அற்றுப்போகும்.

ஆகவே ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும், தீயணைப்பு அமைப்பைப் பொருத்தி, மிதமான வேகத்தில் ஓட்டும் போவிங்டனின் நிதானத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். என்றேனும் ஒரு பாகம் சீர்செய்ய முடியாதபடி உடையும். அப்போது புதிதாக வார்த்த பாகத்தைப் பொருத்தி ஓட்டட்டும். கழற்றிய அசல் பாகத்தை எண்ணும் தேதியும் இட்டு அருங்காட்சியகத்திலேயே பாதுகாக்கட்டும்.