சிவப்பில் கண் சிமிட்டும் குதிரை

பொனட்டைத் திறந்துவைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். ஐந்து லீட்டர், எட்டு சிலிண்டர், 412 குதிரைவலு. பரிசோதகர் என்ன கேட்டாலும் சொல்வதற்குப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் வந்தார், இயந்திரத்தை எட்டிப் பார்த்தார், வாகன எண்ணைத் தாளோடு ஒப்பிட்டார், நேரே பின்பக்கம் போய்விட்டார். "வலது சிக்னலைப் போடுங்கள்" என்றார். போட்டேன். மூன்று சிவப்புப் பட்டைகள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. அந்த அழகுக்காகவே இந்தக் காரை வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் பேனாவை எடுத்து, குறைகளின் பட்டியலில் முதல் வரியை எழுதினார்.

இது நடந்தது 2018இல், காரை ஜேர்மனியில் பதிவு செய்வதற்கான பரிசோதனையில். நான் இங்கே எஸ்ஸன் நகரில் பஸ் ஓட்டுகிறேன். பன்னிரண்டு மீட்டர் நீளமான வண்டியை நாள் முழுவதும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நகர்த்துகிறவனுக்கு ஓர் ஆசை இருக்கக்கூடாதா என்ன? என் ஆசைக்கு மஸ்டாங் என்று பெயர். அதிலும் 2005 முதல் 2014 வரை வந்த தலைமுறை. அதை ஃபோர்ட் நிறுவனம் ஐரோப்பாவில் அதிகாரபூர்வமாக விற்கவில்லை. 2015இல் வந்த அடுத்த தலைமுறைதான் இங்குள்ள காட்சிக்கூடங்களுக்கு வந்தது. பழையது வேண்டுமென்றால் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததைத்தான் வாங்க வேண்டும். "புதியதில் பின்சக்கரங்கள் தனித்தனியாக அசையும், பழையதில் ஒரே இறுகிய அச்சுத்தானே" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். என் பஸ்ஸிலும் பின்னால் இறுகிய அச்சுத்தான். அந்த உதறல் எனக்குப் பழகியது.

சென்ற மாதம் என் பழைய அறைத்தோழரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, நான் பார்க்கும் கார் அமெரிக்காவில் 15,000 யூரோவுக்குள் கிடைக்கிறது. இங்கே 22,000 கேட்கிறார்கள். நாமே இறக்கினால் என்ன?" என்றான். ஒரு தாளை எடுத்துக்கொள் என்று சொல்லி, நான் வாங்கிய ஆண்டில் இருந்த கணக்கைச் சொன்னேன். கார் 15,000. கப்பற்கூலிக்கு 1,500 என்று வை, 16,500 ஆயிற்று. அதன்மேல் சுங்கவரி 10 வீதம், 1,650. இந்த மொத்தத்தின் மேல்தான் ஜேர்மனியின் 19 வீத வரி வரும். வரிக்கும் வரி கட்டுகிறோம். 3,448 யூரோ 50 சதம். கூட்டினால் 21,598 யூரோ 50 சதம். துறைமுகக் கூலி, லொறி, பரிசோதனை, விளக்கு எதுவும் இன்னும் சேரவில்லை. முப்பது வயதைத் தாண்டி, பழைய நிலை மாறாத காரைச் சேகரிப்புப் பொருளாகச் சுங்கம் ஏற்றுக்கொண்டால் கதை வேறு. சுங்கவரி இல்லை, மற்ற வரியும் 7 வீதந்தான். ஆனால் அவன் விரும்பும் காருக்கு இன்னும் பத்து வயதே ஆகவில்லை. மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை.

பணத்தைவிட எனக்குப் பயம் காரின் முற்பிறவி. நான் முதலில் பார்த்தது ஒல்லாந்து எல்லைக்கு அருகே ஒரு விற்பனையாளரிடம் இருந்த கறுப்பு மஸ்டாங். கண்ணாடிபோல் மின்னியது. "விபத்தே இல்லாத கார்" என்றார் அவர். நான் உள்ளே உட்கார்ந்து, ஓட்டுநர் பக்கத்து இருக்கைப் பட்டியை அது முடியும்வரை வெளியே இழுத்தேன். இதை எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் பணிமனையின் பழைய மெக்கானிக். இருக்கையைக் கழுவுவார்கள், கம்பளத்தை மாற்றுவார்கள், பட்டியை மட்டும் யாரும் அடிவரை இழுத்துப் பார்க்கமாட்டார்கள் என்பார். பட்டியின் கடைசி ஒரு முழத்தில் பழுப்பாக ஒரு கோடு, அதன் கீழே துணி விறைத்துப் போயிருந்தது. அந்த உயரம்வரை தண்ணீர் நின்றிருக்கிறது. இருக்கை நகரும் தண்டவாளத்தில் விரலை விட்டேன். துரு ஒட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து, முன்கண்ணாடியின் இடது மூலையில் படம் எடுத்து வைத்திருந்த பதினேழு இடங்கள் கொண்ட வாகன அடையாள எண்ணை இணையத்தில் தேடினேன். அமெரிக்காவில் ஓர் ஏலத்தில் எடுத்த படங்கள் வந்தன. அதே கறுப்புக் கார், இருக்கையெல்லாம் சேறு. அங்கே காப்புறுதி நிறுவனம் முழு நட்டம் என்று கைவிட்ட காருக்கு மாநில அரசு கொடுக்கும் உரிமைப்பத்திரத்திலேயே அதைக் குறித்துவிடும். ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சொல், ஒவ்வொரு விதி. இரண்டு மாநிலம் தாண்டிப் பதிவு மாறும்போது சில பத்திரங்கள் வெளுத்துச் சுத்தமாகிவிடுகின்றன. 2012இல் சாண்டி, 2017இல் ஹார்வி என்று பெரும் புயல்கள் அடித்த பிறகு இப்படிப்பட்ட கார்கள் நிறையவே சந்தைக்கு வந்தன. கடல் தாண்டி வந்த பிறகு யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? படங்களை விற்பனையாளருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து விளம்பரத்தைப் பார்த்தேன். 500 யூரோ குறைத்திருந்தார், "விபத்தே இல்லாத" என்ற சொல் அப்படியே இருந்தது.

நான் வாங்கியது ரொட்டர்டாம் பக்கத்தில் ஒரு சிறிய இறக்குமதியாளரிடம். 21,900 யூரோ. எண் 1இசட்வி என்று தொடங்கியது. மிச்சிகனின் ஃபிளாட் ராக் தொழிற்சாலையில் செய்த மஸ்டாங் என்று பொருள். பத்தாவது இடத்தில் சி, ஆகவே 2012ஆம் ஆண்டு மாதிரி. ஏலப் படம் எதுவும் இல்லை, பட்டி சுத்தம், பழைய உரிமைப்பத்திரத்தின் மூலப்பிரதியும் வரி கட்டிய சுங்கத் தாளும் கோப்பில் இருந்தன. அந்தத் தாள் இல்லாமல் பதிவு அலுவலகத்தின் வாசலைக்கூட மிதிக்க வேண்டாம். ஐரோப்பியத் தரச் சான்றிதழ் இந்தக் காருக்குக் கிடையாது என்பதால், ஜேர்மன் வாகன அனுமதி விதிகளின் 21ஆம் பிரிவின்படி தனிப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கேதான் அந்தப் பேனா.

பட்டியல் முழுவதும் விளக்குகள். பின்பக்கச் சிக்னல் செம்மஞ்சளாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் சிவப்புக்கும் அனுமதி உண்டு. என் காரில் பிரேக் விளக்கே சிக்னலாகவும் கண் சிமிட்டியது. முன்னால் தரிப்பு விளக்கு செம்மஞ்சளாக எரிந்தது; இங்கே அது வெள்ளையாக எரிய வேண்டும். பின்பக்கப் பனிமூட்ட விளக்கு என்று ஒன்று அங்கே கட்டாயமே இல்லை. இங்கே இடப்பக்கத்திலோ நடுவிலோ ஒன்றாவது வேண்டும், அதற்குத் தனி விசையும் வேண்டும். முன்விளக்கின் கண்ணாடியில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் மூன்றெழுத்து முத்திரை இருந்தது. இவர்கள் தேடுவது வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்து. இரண்டு நாடுகளிலும் வலப்பக்கம் ஓட்டுவதால் ஒளி சாய்வதும் ஒரே பக்கம்தான், ஆனால் எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழே ஒளியை வெட்டும் விதம் வேறு. இரவில் பஸ் ஓட்டும் எனக்கு இந்த ஒரு விதியில் மட்டும் பரிசோதகர்மேல் கோபமே வரவில்லை.

ஒரு மின்வேலைக்காரரிடம் ஆறு வாரம், 2,340 யூரோ. பிரேக்கையும் சிக்னலையும் பிரிக்க ஒரு சிறிய மின்பெட்டி, செம்மஞ்சள் விளக்குகள், பம்பருக்குக் கீழே இடப்பக்கம் ஒரு பனிமூட்ட விளக்கு, முன்விளக்குகளுக்கு மாற்றமும் அதற்கான ஆய்வுக்கூட அறிக்கையும். எண்தகடு இன்னொரு வேடிக்கை. அமெரிக்கத் தகடு 305க்கு 152 மில்லிமீட்டர், இங்குள்ளது 520க்கு 110. எஸ்ஸனின் குறி ஒற்றை எழுத்து என்பதால், எழுத்துகள் குறைந்த ஓர் எண்ணைத் தேடி எடுத்து நீளம் குறைந்த தகட்டை மாட்டினேன். இரண்டாம் முறை போனபோது பரிசோதகர் சிக்னலைப் போடச் சொன்னார். செம்மஞ்சள். மூன்று பட்டைகளின் ஓட்டம் போய்விட்டது, சாதாரணமாக மினுக்கியது. கையொப்பமிட்டார். பத்திரத்தில் வலு 307 கிலோவாட் என்று பதிந்தது. அதைப் பற்றி அன்றும் ஒரு கேள்வி இல்லை.

ஆண்டுதோறும் கட்டும் வாகன வரியைக் கேட்டுத்தான் எங்கள் பணிமனையில் எல்லோரும் நெஞ்சைப் பிடிப்பார்கள். 2009 ஜூலை தொடக்கத்திலிருந்து முதற்பதிவான பெற்றோல் கார்களுக்கு ஒவ்வொரு நூறு கன சென்டிமீட்டருக்கும், மிஞ்சும் பகுதிக்கும், இரண்டு யூரோ. என் இயந்திரம் 4,951, ஆகவே நூறு யூரோ. மீதியெல்லாம் கரியமில வாயுக்கு, அதுதான் பெரிய பங்கு. பெற்றோலின் தரத்தைக் காட்டும் ஒக்டேன் இலக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்கப் பம்பில் எழுதுவது இரண்டு வகை ஒக்டேன் அளவுகளின் சராசரி; நம்முடைய 95 அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 90.

பதிவு முடிந்த பிறகு தெரியவந்தவை வேறு. ஓட்டுநர் பக்கத்து வெளிக்கண்ணாடி தட்டை. அமெரிக்க விதி அப்படி. பஸ்ஸின் குவிந்த கண்ணாடிகளுக்குப் பழகிய எனக்கு, நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது பாதி உலகம் காணாமல் போய்விட்டது போலிருந்தது. முதல் மாதம் முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் ஓட்டினேன். வேகமானியில் மைல் பெரிதாக, கிலோமீட்டர் உள்வட்டத்தில் எறும்பாக. குளிர்காலச் சக்கரங்களுக்குக் காற்றழுத்த உணரிகள் வாங்கினேன். அவை 433 மெகாஹேர்ட்ஸில் பேசின, கார் 315இல் மட்டுமே கேட்டது. கடைக்காரர் மூன்று முறை கழற்றிப் பூட்டினார், எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. கடைசியில் அமெரிக்காவிலிருந்தே நான்கு உணரிகளை வரவழைத்தேன். பார்சலுக்கும் சுங்கவரி.

வானொலிக்குத்தான் வைத்தியம் இல்லை. அமெரிக்க நிலையங்கள் ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டும் ஒலிக்கும்: 99.1, 99.3. என் காரின் பொத்தானும் அப்படியே தாண்டுகிறது. போக்குவரத்து நெரிசல் செய்திக்காக நான் தினமும் கேட்கும் நிலையம் 99.2. இரண்டுக்கும் நடுவே கரகரவென்று வருகிறது. மனைவிக்கு அது பிடிக்கவில்லை; நெடும்பயணமென்றால் அவளுடைய சின்னக் காரில்தான் போகிறோம்.

அறைத்தோழரின் மகன் இறக்குமதிக் கணக்கைக் கைவிட்டு, இங்கேயே பதிவாகியிருக்கும் ஒன்றைத் தேடுகிறான். சனிக்கிழமை ஒரு வெள்ளை மஸ்டாங்கைப் பார்த்துவிட்டு, "பட்டியை இழுத்துப் பார்த்தேன் மாமா, சுத்தமாக இருக்கிறது" என்று எண்ணையும் அனுப்பியிருந்தான். எண்ணிப் பார்த்தேன். பதினாறு இடங்கள்தான் இருந்தன. எதை விட்டுவிட்டாய் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். மறுபடியும் அங்கே போய்க்கொண்டிருக்கிறானாம்.