வாங்க மறுத்த பத்து மூடை நெல்

போன வருடம் தைக் கடைசி. அறுப்பு முடிந்து, குத்தகை நெல் பத்து மூடையைக் களத்தில் தனியாக அடுக்கிவிட்டு நிலத்துக்காரர் வீட்டுக்கு அப்பா போன் செய்தார். பெரியவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்ததால் அவர் மகன்தான் பேசினார். “அண்ணே, இந்தத் தடவ நெல்லு வேண்டாம்ணே. நிலத்த விட்டுக் குடுத்துருங்க.”

எங்கள் ஊர் பேரணைக்குக் கீழே, பெரியாறு வைகைத் தண்ணீர் பாயும் இருபோகப் பகுதி. அந்த 1 ஏக்கர் 40 சென்ட்டை அப்பா 31 வருடமாக உழுகிறார். எழுத்து எதுவும் கிடையாது. போகத்துக்குப் பத்து மூடையை அளந்து வண்டியில் ஏற்றிவிட்டால் கணக்குத் தீர்ந்தது. இப்போது சுற்றுவட்டாரம் முழுக்க பிளாட் கல் ஊன்றுகிறார்கள். ஏன் கேட்கிறார் என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“வாங்க மாட்டேன்னா வீட்ல போட்டு வைப்போம்” என்றார் அப்பா. நானும் சரி என்றுதான் இருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று விவசாய சங்கத்துக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, நினைத்த நேரத்தில் ஒருவரை வெளியேற்ற முடியாது. ஆனால் பாக்கி வைத்தால் முடியும். நிலத்தைப் பாழாக்கினாலோ, விவசாயம் அல்லாத காரியத்துக்கு விட்டாலோ, ‘இது உங்கள் நிலமே இல்லை’ என்று உரிமையாளரிடமே சாதித்தாலோகூட முடியும். நெல்லை இன்றைக்கு வாங்காமல் விட்டுவிட்டு, நாளைக்குப் பாக்கி என்று வழக்குப் போட்டால் அப்பா என்ன சொல்வார்?

அதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. குத்தகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் கணக்கில் நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். நெல் என்றால், கட்டும் நாளின் சந்தை விலை. மதுரையில் வருவாய் நீதிமன்றம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இருபத்து மூன்றாம் நாள் மனுப் போட்டோம். பத்து மூடையையும் விற்றுத்தான் பணம் கட்டினோம்.

அடுத்தது பதிவு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி தாலுகா அளவில் குத்தகை உரிமைப் பதிவேடு உண்டு. யார் குத்தகைதாரர் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பதிவு அலுவலர். அது சிவில் கோர்ட்டின் வேலை இல்லை. நாங்கள் முதலில் பார்த்த வக்கீல் அங்கேயே தடையாணை வாங்கலாம் என்று ஒரு மாதம் இழுத்தடித்தது தனிக்கதை. சர்வே எண், நான்கெல்லை, சிட்டா, அடங்கல் நகல் எல்லாம் வைத்து மனுக் கொடுத்தோம். உரிமையாளருக்கு நோட்டீஸ் போனது. விசாரணைக்குத் தேதி வந்தது.

எங்களிடம் இருந்த சாட்சியம் என்ன? பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர், சொசைட்டியில் உரம் வாங்கிய சில ரசீதுகள், அப்புறம் அம்மாவின் கம்பி. ரேஷன் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரிக் கம்பி. நெல் அளந்த அன்றைக்கெல்லாம் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ‘10 மூடை, பெரியய்யா வண்டி’ என்று எழுதிக் குத்தி வைத்திருக்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பான் கடியுமாக நாற்பத்தாறு தாள். ஒரு பக்கம் அச்சடித்த தேதி, ராகுகாலம், எமகண்டம். மறுபக்கம் எங்கள் குத்தகை. அதிகாரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு தாளை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து, “இது என்ன, எட்டு மூடையா?” என்றார். “அந்த வருசம் தண்ணி இல்லங்கய்யா, பெரியய்யாவே ரெண்டு மூடைய விட்டுக் குடுத்தாரு” என்றாள் அம்மா. எதிரே உட்கார்ந்திருந்த மகன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பிறகு அதிகாரி என்னிடம் திரும்பி, “நீங்க வயல்ல இறங்குவீங்களா?” என்று கேட்டார். நான் மதுரையில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். இல்லை என்றேன். சட்டம் பார்ப்பது அதைத்தான்: சொந்த உடல் உழைப்போ, குடும்பத்தாரின் உழைப்போ இருந்தால்தான் சாகுபடிக் குத்தகைதாரர். அப்பாவுக்குப் பிறகு அந்த உரிமை என் தம்பிக்கு வரலாம், ஏனென்றால் அவன் சேற்றில் நிற்கிறான். மனு எழுதி அலைந்த எனக்கு வராது. நியாயம்தான், ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

வெளியே டீக்கடையில் மகன் அப்பாவிடம், “பதிஞ்சா நிலமே போயிரும்னு சொல்றாங்கண்ணே” என்றார். அவர் பயமும் பொய்யில்லை. ஆனால் பட்டா அவர் பேரில்தான் இருக்கும். விற்கவும் செய்யலாம், வாங்குகிறவர் குத்தகையோடு சேர்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். பிஎம் கிசான் 6,000 ரூபாய்கூட நிலம் பேரில் உள்ளவர்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை. நியாயக் குத்தகை என்று சட்டம் சொல்வது விளைச்சலில் 25 சதவீதம். நாங்கள் அளப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு என்பதையும் நான் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

ஆவணியில் உத்தரவு வந்தது. அப்பா பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. மகன் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்திருக்கிறார், அது நடக்கிறது. ஐப்பசி அறுப்புக்கும் அவர் நெல் வாங்கவில்லை, மறுபடியும் பணமாகக் கட்டிவிட்டு வந்தோம். அன்று ராத்திரி அம்மா காலண்டர் தாளைக் கிழித்து, ‘10 மூடை, கோர்ட்டு’ என்று எழுதிக் கம்பியில் குத்தினாள்.