டெங்கு புராஜெக்ட்: முட்டைப் பொறி வைக்கும் சேலம் மாணவர்களுக்கு

முட்டைப் பொறி என்பது கொசு வந்து முட்டையிடுவதற்காக நாம் வைக்கும் தண்ணீர் டப்பா. அந்த டப்பா கறுப்பாக இருக்கணும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இருட்டும் நிழலும்தான் பிடிக்கும். பாதிக்குத் தண்ணீர், நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் படும்படி சொரசொரப்பான காகிதப்பட்டை. முட்டை அந்த ஈரக்கோட்டை ஒட்டித்தான் இருக்கும். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஓட்டை போடாவிட்டால் மழையில் பட்டை மூழ்கி, எண்ணுவதற்குள் முட்டை பொரிந்துவிடும். 7 நாளுக்கு மேல் விடவே கூடாது, பொறியே கொசுப்பண்ணையாகிவிடும்! கழுவும்போது உட்சுவரைத் தேய்க்கணும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும்.

அம்மாபேட்டை, செவ்வாய்பேட்டை வீடுகளில் டிரம், ஆட்டுக்கல், ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று தனித்தனியாகக் குறியுங்கள். 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்பதுதான் பிரெட்டோ குறியீடு. எத்தனை வீட்டில் என்று எண்ணினால் அது வேறு குறியீடு. அறிக்கை சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். ஏற்காட்டிலும் பொறி வைப்பதானால் தினசரி வெப்பநிலையும் எழுதுங்கள், குளிரில் புழு மெதுவாகத்தான் வளரும்.