மேடைக்குப் போதுமான தமிழ்

“இவருடைய தமிழ் மேடைக்குப் போதுமா, மிஸ்?” என்று எங்கள் நாடகாசிரியர் கேட்டார். “போதாது” என்றேன். நடந்தது இவ்வளவுதான். நாடகப் போட்டி முடிந்து, அரங்கப் பொருள்களைக் கழற்றி, வாடகை உடைகளைத் திருப்பிக் கொடுத்து, எல்லாரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டோம். எனக்கு மட்டும் அந்த ஒரு சொல் இன்னும் தீரவில்லை.

நான் சொன்னது பொய்யல்ல என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்தக் குழுவில் நடிக்கவோ இயக்கவோ என்னை யாரும் அழைக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் உச்சரிப்பைப் பார்த்துக்கொள்ளவும், ஒத்திகையில் பிரதியோடு ஓரமாக உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கவும் அழைத்தார்கள். கேட்ட கேள்வி என் வேலையைச் சேர்ந்தது. கதாநாயகனாக நடிக்கவிருந்த பெரியவர் வாயில் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகவே விழுந்தன. ரகரம், மொரிஷியஸில் நாங்கள் வீட்டில் பேசும் கிரியோல் மொழியில் வருவதைப் போலத் தொண்டையிலிருந்து வந்தது. சொல்லின் கடைசியில் நின்றால் காணாமலே போனது. குறிலும் நெடிலும் ஒரே அளவு. ஒற்று இரட்டிக்க வேண்டிய இடத்தில் ஒற்றை ஒலிதான். இவை எல்லாம் ஒரே வசனத்தில் சேரும்போது தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்கும் பொருள் நழுவிவிடும். இதை மறைத்து “போதும்” என்று சொல்லியிருந்தால் நான் அங்கே எதற்கு?

ஆனால் அந்த அரங்கில் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியும் உடனே வந்து நிற்கிறது. நடுவர்கள் இருந்தார்கள். என்னைப் போன்ற ஆசிரியர்கள் சிலர், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படிக்கும் மாணவர்கள் சிலர். மற்றவர்கள் எல்லாரும் நடிகர்களின் குடும்பத்தார், கோயிலில் பார்த்துப் பழகியவர்கள், அக்கம்பக்கத்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுமொழி கிரியோல் என்று சொன்னவர்கள் இந்தத் தீவில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல். எங்கள் வீட்டிலும் அதுதான். தமிழ் எங்களுக்குக் கோயிலில் இருக்கிறது, காவடியில் இருக்கிறது, பள்ளிப் பாடத்தில் இருக்கிறது, ரூபாய் நோட்டில் இருக்கிறது. 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழ் வரியை இந்தி வரிக்குக் கீழே இறக்கியபோது நாங்கள் எழுப்பிய குரலில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அன்று குரல் எழுப்பியவர்களில் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கமாட்டேன். படிக்கத் தெரியாத ஒன்றுக்காக நிற்பதும் அன்புதான். அப்படிப்பட்ட அன்போடு வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, மேடையில் பெரியவரின் ழகரம் பிசகியிருந்தால் அது கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. அவர்கள் பார்க்க வந்தது வேறு.

நாடகம் கரும்புத் தோட்டத்தைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த உறுதி விலையை 2006 முதல் நான்கு ஆண்டுகளில் 36 விழுக்காடு குறைத்ததையும், 2009-இல் சர்க்கரை ஒப்பந்தமே முடிந்துபோனதையும் இங்கே எந்த வீட்டுக்கும் விளக்கத் தேவையில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் கொஞ்சம் பணமும் ஒரு துண்டு மனையும் வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். எங்கள் நாடகாசிரியரின் அப்பா அப்படி வெளியேறியவர். வெளியேறிய பிறகும் விடியுமுன் எழுந்து, கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு, போக இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தவர். அந்த அப்பாவைத்தான் மகன் நாடகமாக எழுதினார். அதில் அப்பாவாக நடிக்கத் தேர்ந்தெடுத்த பெரியவரும் அதே திட்டத்தில் தோட்டத்தைவிட்டு வந்தவர். வேறு யாரைத் தேடுவது?

முதல் சில வாரங்கள் பிரதி இல்லாமலே ஒத்திகை நடந்தது. காட்சியை மட்டும் சொல்லிவிடுவார்கள். அவரவர் கிரியோலில் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். தோட்டத்து மேற்பார்வையாளரான சிர்தார் வந்து திட்டத்தின் காகிதத்தை நீட்டும் காட்சியில் பெரியவர் கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். உள்ளங்கையைக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அதன் பிறகுதான் வாங்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாடகாசிரியர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். அன்று எனக்கு இந்த நாடகம் வென்றுவிடும் என்று தோன்றியது. பரிசைச் சொல்லவில்லை.

பிறகு தமிழ் வசனங்கள் வந்தன. நாடகாசிரியர் வளர்ந்த பிறகு மாலை வகுப்புகளில் உட்கார்ந்து தமிழ் கற்றவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் எழுதியவர். அவருடைய தமிழ் சுத்தமானது, நீளமானது. மண்ணைப் பற்றியும் முன்னோரைப் பற்றியும் அந்தத் தொழிலாளி மூச்சு விடாமல் பேசும் இடங்கள் இருந்தன. பெரியவரின் பிரதியை ரோமன் எழுத்தில், பிரெஞ்சு வாசிப்புக்கு ஏற்றபடி நான்தான் எழுதிக் கொடுத்தேன். மனப்பாடத்தில் அவர் குறை வைக்கவில்லை. ஆனால் வாய் தமிழ் பேசத் தொடங்கியதும் கைகள் நின்றுபோயின. அடுத்த சொல் எங்கே என்று கண் மேலே தேடும். அதே காகிதத்தை வெறுமனே வாங்கினார், யாரும் வாங்குவது போல.

இந்த இடத்தில்தான் எனக்கே என் பதில் தெளிவில்லாமல் போகிறது. “போதாது” என்று நான் சொன்னது நாக்கைப் பற்றியா, கையைப் பற்றியா? கையைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நாக்கைப் பற்றித்தான் கேட்டார்கள், நாக்கைப் பற்றித்தான் சொன்னேன். ஆனால் கை நின்றுபோனதைப் பார்த்திராவிட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

வசனத்தைக் குறைத்துவிடலாம் என்ற யோசனை எனக்கு அன்றே வந்தது. அந்த மனிதர் பேசவே வேண்டாம். மனைவி பேசட்டும், மகன் பேசட்டும், சிர்தார் பேசட்டும், அவர் காகிதத்தை வாங்கினால் போதும். நான் அதைச் சொல்லவில்லை. மற்றவர் எழுதிய பிரதியில் கை வைப்பது வசனம் எடுத்துக்கொடுப்பவளின் வேலையல்ல. இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன். நாடகாசிரியர் ஒவ்வொரு வரிக்கும் பட்ட பாடு எனக்குத் தெரியும். தந்தைக்குத் தமிழில் பேச வாய்க்கவில்லை, மேடையிலாவது அவர் பேசட்டும் என்பதற்காகத்தான் அந்த நீண்ட வசனங்கள். அவற்றை வெட்டுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

“கிரியோலில் எழுதியிருந்தால் இவரை விடமாட்டேன், மிஸ்” என்று அவரே சொன்னார். “கிரியோலுக்கு மேடை இருக்கிறது. இந்த மேடையில் தமிழ் கேட்க வேண்டும் என்றுதானே உயிரைக் கொடுக்கிறோம்?”

அவர் சொன்னது சரி. ஷேக்ஸ்பியரின் புயல் நாடகத்தை 1991-இலேயே தேவ் விராசாமி கிரியோலில் புதிதாக எழுதிக் காட்டிவிட்டார். அந்த மொழி எதையும் தாங்கும் என்பதில் இங்கே யாருக்கும் ஐயம் இல்லை. தமிழ் நாடகம் போடுபவர்களுக்கு அந்தத் துணிவு இல்லை. ஆண்டுக்கு ஒரு போட்டி, சில விழாக்கள், அவ்வளவுதான். அந்தச் சில மணி நேரத்திலும் தமிழ் தமிழாக ஒலிக்காவிட்டால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மாணவர்களுக்கு நான் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? நாக்கை மடித்துச் சொல் என்று நாள்தோறும் அவர்களிடம் கெஞ்சுகிறேன். மேடையில் கதாநாயகனே மடிக்கவில்லை என்றால் அவர்கள் ஏன் மடிக்க வேண்டும்?

மோக்காவில் படிக்கும் ஓர் இளைஞனுக்கு அந்தப் பாத்திரம் போனது. நல்ல பையன், நல்ல குரல், ஒரு ஒற்றுகூடப் பிசகாது. பெரியவரைக் கரும்பு வெட்டும் கூட்டத்தில் வசனமில்லாமல் நிற்க வைத்தார்கள். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஒத்திகை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கத்தியை எங்கே பிடிப்பது, தண்டை எந்த உயரத்தில் வெட்டுவது, வெட்டியதை எந்தப் பக்கம் போடுவது, நாள் முழுக்கக் குனிந்தவன் நிமிரும்போது முதலில் எங்கே கை வைப்பான் என்று அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நின்று காட்டினார். காகிதத்தை வாங்குமுன் கையைத் துடைப்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வக்வாவில் செர்ஜ் கான்ஸ்தந்தன் அரங்கில் அன்று மாலை நான் பார்த்தது பெரியவரின் உடம்பும் பையனின் நாக்கும். அந்தக் காட்சிக்குப் பெரிய கைதட்டல் கிடைத்தது. மொழி நன்றாக இருந்தது என்று நடுவர்களும் பாராட்டினார்கள். மகிழ்ந்தேன். பாராட்டியது என் வேலையை அல்லவா? மகிழ்ந்ததில் தவறில்லை.

நான் “போதாது” என்று சொன்னபோது பெரியவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்று பலமுறை நினைவில் அளந்து பார்த்துவிட்டேன். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வி தமிழில் வந்தது. என் பதிலும் தமிழில்தான் போனது. கிரியோலில் பேசியிருந்தால் அவருக்குக் கட்டாயம் புரிந்திருக்கும். அவர் முன்னால் தமிழில் பேசிக்கொள்ளலாம், அவருக்குப் புரியாது என்று நாங்கள் இருவரும் எண்ணிக்கொண்டோமா? அப்படி ஒரு முடிவை நான் எடுக்கவில்லை. நாடகாசிரியரும் நானும் எப்போதும் தமிழில்தான் பேசிக்கொள்வோம், பழகுவதற்காக. ஆனாலும் இந்த நினைவுக்கு வரும்போதெல்லாம் மனம் ஒப்பவில்லை.

போட்டி முடிந்த இரவு குவாத்ர் போர்ன் பஸ்ஸில் பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நாடகம் நன்றாக இருந்தது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். பிறகு அவர் கிரியோலில் சொன்னார்: “மிஸ், என் பாட்டி பேசிய தமிழ் எனக்குக் காதில் இருக்கிறது. நீங்கள் என்னைத் திருத்திய இடங்களில் பாட்டியும் நான் சொன்ன மாதிரிதான் சொல்வாள்.”

குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. தொண்டை ரகரம் பாட்டியிடமிருந்து வந்திருக்காது, அது கிரியோல் கொடுத்தது. அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். ஆனால் ழகரம்? ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1834 முதல் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது அவரவர் ஊர்த் தமிழைத்தான் கொண்டுவந்தார்கள். எந்த ஊரிலிருந்து என்று பெரியவர் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. தமிழ்நாட்டிலேயே வாளைப்பளம் என்று சொல்லும் ஊர்கள் இருக்கின்றன, வாயப்பயம் என்று சொல்லும் தெருக்கள் இருக்கின்றன. மதுரைக்காரர் ஒருவர் இங்கே வந்து பளம் என்று சொன்னால் அது ஊர் வழக்கு என்று நானே என் வகுப்பில் ரசித்துச் சொல்லியிருப்பேன். எங்கள் தோட்டத்துப் பெரியவர் சொன்னால் அது பிழை. அவருடைய பாட்டியின் தமிழை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. அது வழக்கு என்று சாட்சி சொல்ல நூல் இல்லை. நான் திருத்தியவற்றில் எத்தனை கிரியோலின் தடம், எத்தனை பாட்டியின் தடம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. எல்லாவற்றையும் ஒரே சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தேன்.

அதற்காக ழகரத்தைக் கைவிடச் சொல்கிறேனா? இல்லை. தாய்மொழியாகப் பேசும் ஊரில் வழக்குகள் பலவாக இருக்கலாம். அங்கே பேச்சு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். பாடமாகக் கற்கும் தீவில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, நூலில் இருப்பதைத்தான் பிடித்துக்கொள்கிறோம். இதை நான் நம்புகிறேன். இதை நம்பிக்கொண்டே, தமிழ் நாடகத்தில் தமிழ்த் தொழிலாளியின் பாத்திரத்துக்குத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் போதவில்லை என்பதையும் விழுங்க முடியவில்லை. இரண்டும் எனக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை.

இந்த ஆண்டும் நாடகாசிரியர் புதிய பிரதி எழுதியிருக்கிறார். மீன் சந்தையில் வேலை செய்யும் ஒரு பெண் வருகிறாள். அந்தப் பாத்திரத்துக்கு ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். தமிழ் எழுத்து தெரியாது, உடம்பில் நடிப்பு இருக்கிறது. போன வாரம் அதே கேள்வியை என்னிடம் கேட்டார். “யாருக்குப் போதுமா என்று கேட்கிறீர்கள்? நடுவர்களுக்கா, பார்க்க வருபவர்களுக்கா?” என்று திருப்பிக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அதைச் சொல்லத்தானே உங்களை வைத்திருக்கிறேன்” என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆம் என்றோ இல்லை என்றோ இன்னும் நான் சொல்லவில்லை. பாத்திரம் இதுவரை அவளிடம்தான் இருக்கிறது. பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறோம், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை ஒத்திகை. அந்தப் பெண்ணுக்கு வசனங்களை ரோமன் எழுத்தில் பிரித்து எழுதிவிட்டேன். ழகரம் வரும் இடங்களுக்கெல்லாம் அடிக்கோடு போட்டிருக்கிறேன். வசனங்கள் கொஞ்சம் நீளம் என்று இந்த முறை நாடகாசிரியரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றும் நினைக்கிறேன்.