பாட்டு தெரியும், பாடியவர் தெரியாது: ஆறு மாதக் காதுப் பயிற்சி

வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சியிலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போனோம். திருவையாறு தாண்டியதும் டிரைவர் 'ஆசையே அலைபோலே' போட்டார். பக்கத்து சீட்டில் என் அத்தை. "கண்டசாலா குரல் எவ்வளவு சுகமா இருக்கு பாருங்க அத்தை" என்றேன். அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கண்டசாலாவா? திருச்சி லோகநாதன்டா. மலைக்கோட்டையை வாசல்ல வச்சுக்கிட்டு அவரைத் தெரியலைங்கறியே!"

மானம் போய்விட்டது. என் பென்டிரைவில் ஐநூறுக்கு மேல் பழைய பாட்டுகள் இருக்கின்றன. பாதிப் பாட்டுகளை நடுவில் வரும் இசையோடு சேர்த்து வாயாலேயே வாசித்துவிடுவேன். ஆனால் எங்கள் ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்து வைத்திருந்த ஒரு பாடகரைக் காதால் அடையாளம் காண முடியவில்லை. சரி, இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதிலிருந்து கார்த்திகை வரை நோட்டில் எழுதி வைத்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தேர்வு: இருபதுக்கு ஒன்பது

ஏழாவது படிக்கும் மகள்தான் தேர்வு அதிகாரி. 1950க்கும் 1970க்கும் இடைப்பட்ட இருபது பாட்டுகளை அவள் இஷ்டத்துக்குப் போடுவாள், நான் திரும்பி உட்கார்ந்து பாடியவர் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒன்பது சரி. அதில் ஐந்து டி.எம்.எஸ். தமிழ்நாட்டில் பிறந்தவனுக்கு அதற்கெல்லாம் மதிப்பெண் கொடுக்கக்கூடாது.

தவறியவற்றைப் பார்த்தபோதுதான் என் காது எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபட்டது. பாட்டு ஆரம்பித்ததும் எனக்கு முதலில் வருவது நடிகரின் முகம். அந்த முகத்திலிருந்து கணக்குப் போட்டுத்தான் பாடகருக்கு வருகிறேன். ஜெமினி என்றால் பி.பி.ஸ்ரீனிவாஸ், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் என்றால் டி.எம்.எஸ். இது பல இடங்களில் சரியாக வரும். ஆனால் 'வாடிக்கை மறந்ததும் ஏனோ' போட்டபோது ஜெமினி சைக்கிளோடு கண்முன் வந்து நிற்க, பி.பி.எஸ். என்று அடித்துச் சொன்னேன். அது ஏ.எம்.ராஜா. பாடியது மட்டுமில்லை, 1959இல் வந்த அந்தக் 'கல்யாண பரிசு' படத்துக்கு இசையமைத்ததும் அவரேதான்.

இதில் என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீடுகளில் பாட்டைச் சொல்வதே அப்படித்தானே. 'சிவாஜி பாட்டு', 'எம்.ஜி.ஆர். தத்துவம்', 'ஜெமினி சோகம்'. யூடியூபிலும் அப்படித்தான் தலைப்பு வைக்கிறார்கள். அப்பா எண்பதுகளில் வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கடையில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கேசட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. அட்டையில் நீல மையில் அவர் கையெழுத்தில் பாட்டின் முதல் வரி, படம், நடிகர் மூன்றும் இருக்கும். பாடியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை.

படத்தை அணைத்துவிட்டுக் கேட்டது

முதல் மாதம் முழுக்க ஒரே விதிதான்: திரையைப் பார்க்கக்கூடாது. சுலபம் போலத் தோன்றும். 'கண்ணும் கண்ணும் கலந்து' பாட்டில்தான் அதன் அருமை தெரிந்தது. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' 1958இல் வந்தது. அந்தப் போட்டி நடனத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். எனக்கு அது பத்மினிக்கும் வைஜயந்திமாலாவுக்கும் நடந்த சண்டை, நடுவில் பி.எஸ்.வீரப்பாவின் 'சபாஷ், சரியான போட்டி'. அவ்வளவுதான்.

டிவியை அணைத்துவிட்டு இருட்டில் ஒலியை மட்டும் கேட்டபோது போட்டி வேறு இரண்டு பேருக்கு இடையில் நடந்துகொண்டிருந்தது: பி.லீலாவும் ஜிக்கியும். லீலா குரலில் கர்நாடக சங்கீதப் படிப்பு பளிச்சென்று தெரிகிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வழியில் இருக்கும் எல்லாப் படியிலும் கால் வைத்து இறங்குகிறார். ஜிக்கி இரண்டிரண்டு படியாகத் தாவுகிறார். குரலில் ஒரு சின்னப் பெண்ணின் குறும்பு, தொண்டையின் ஓரத்தில் லேசான பிசிறு. அந்தப் பிசிறு ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் 'மந்திரி குமாரி'யில் 'வாராய் நீ வாராய்' கேட்கும்போதும் ஆளைத் தெரிந்துவிடும். அதில் கூடப் பாடுவது, ஆமாம், திருச்சி லோகநாதன். 1950 படம். வரிசையாக நான்கு தடவை கேட்டேன், பஸ்ஸில் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக.

கண்டசாலாவோடு ஏன் குழம்பினேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேரும் அதட்டாமல் பாடுகிறவர்கள். ஆனால் கண்டசாலாவின் குரலுக்கு அடியில் ஒரு கனம் இருக்கும். 'உலகே மாயம்' கேளுங்கள், தமிழ்ச் சொற்களின்மேல் மெல்லிய தெலுங்கு வாசனை வரும். லோகநாதனிடம் அந்தக் கனம் கிடையாது. நீட்டும் இடங்களில் காற்றில் விளக்குத் திரி ஆடுவதுபோல ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். 'ஆசையே அலைபோலே' வந்த அதே 'தை பிறந்தால் வழி பிறக்கும்' படத்தில், அதே கே.வி.மகாதேவன் இசையில், சீர்காழி கோவிந்தராஜன் பாடிய 'அமுதும் தேனும் எதற்கு' இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒருவர் காதருகே பாடுகிறார், இன்னொருவர் கோயில் மண்டபத்தின் அந்தக் கோடிக்கும் கேட்கட்டும் என்று பாடுகிறார்.

ஒரே படம், ஒரே இசையமைப்பாளர், வேறு வேறு குரல் என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் சீக்கிரம் பிடிபடுகிறது. எனக்கு உதவியது இதுதான்.

அத்தையின் ரகசியம்

இரண்டாவது மாதம் மதிப்பெண் பன்னிரண்டில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கும் அதே தேர்வை வைத்தோம். இருபதுக்குப் பத்தொன்பது. அதுவும் பல்லவி முடியும்வரை காத்திருக்கவில்லை. ஹம்மிங்கிலேயே சொல்லிவிட்டார், கையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே.

"எப்படி அத்தை கண்டுபிடிக்கறீங்க?"

"இதுல என்ன இருக்கு? சிலோன் ரேடியோவுல ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி சொல்லுவாங்கல்ல. படம் பேரு, பாடினவங்க பேரு, எழுதினவங்க, இசை. பேரைக் கேட்டுட்டுத்தான் பாட்டையே கேப்போம். முக்கால்வாசிப் படத்தை நான் பார்த்ததுகூட இல்ல."

இதுதான் விஷயம். இலங்கை வானொலி அவருக்குப் பெயரையும் குரலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. எனக்குத் தூர்தர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' முகத்தையும் குரலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. எதைச் சேர்த்துக் கேட்டோமோ அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது போனில் கேட்கிறவர்களுக்கு இரண்டும் இல்லை. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது தானாக ஓடுகிறது.

அன்றைக்கே முறையை மாற்றினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எண்பது சீட்டுகள் செய்தேன். பின்பக்கத்தில் படம், பாடியவர், எழுதியவர், இசை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் மகள் அறிவிப்பாளர் ஆனாள். குரலை மாற்றிக்கொண்டு "அடுத்து வருவது" என்று ஆரம்பிப்பாள். முதல் வாரம் விளையாட்டாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத் தேர்வில் பதினைந்து.

ராஜாவா, ஸ்ரீனிவாஸா?

இந்த ஜோடிதான் என்னை ரொம்பப் படுத்தியது. இரண்டு பேருமே மென்மை, இரண்டு பேருமே ஜெமினிக்குப் பாடியவர்கள். சும்மா கேட்டுக்கொண்டே இருந்தால் போதாது என்று சொற்கள் முடியும் இடத்தை மட்டும் கவனிக்க ஆரம்பித்தேன்.

'காலங்களில் அவள் வசந்தம்', 1961, 'பாவமன்னிப்பு'. 'வசந்தம்' என்ற சொல்லின் கடைசி 'ம்'மைக் கவனியுங்கள். பி.பி.எஸ். அதை மூடிவிடுவதில்லை. மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அணையவிடுகிறார். குரல் கீழ்ஸ்தாயியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, மேலே ஏறும்போதும் அதன் நிழல் கீழேயே இருக்கிறது. 'மயக்கமா கலக்கமா'விலும் அப்படித்தான். அடுத்து 'மிஸ்ஸியம்மா'வின் 'வாராயோ வெண்ணிலாவே', 1955, ஏ.எம்.ராஜாவும் லீலாவும். ராஜாவின் குரல் மெலிசு, எடை இல்லாதது. சொல்லின் கடைசியில் ஒரு சின்ன வளைவு போட்டுச் சுத்தமாக முடித்துவிடுகிறார். மூச்சு எங்கே எடுத்தார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது பிடிபட்டதும் முகத்தை வைத்துப் போட்ட கணக்கு தேவையில்லாமல் போயிற்று. 'மாசிலா உண்மைக் காதலே' எம்.ஜி.ஆர். படப் பாட்டு, பாடியவர் ராஜா, கூடவே பானுமதி. 'திருடாதே'யில் 'என்னருகே நீ இருந்தால்' அதுவும் எம்.ஜி.ஆர்., பாடியவர் பி.பி.எஸ். 'பாவை விளக்கு' படத்தில் சிவாஜிக்கு 'காவியமா நெஞ்சின் ஓவியமா' பாடியது சி.எஸ்.ஜெயராமன். இவை எல்லாமே முதல் தேர்வில் எனக்குத் தவறிப் போனவை.

ஜெயராமன் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தடவை காதில் பதிந்துவிட்டால் அப்புறம் அவரைக் கண்டுபிடிக்கப் பயிற்சியே வேண்டாம், அவ்வளவு தனியான மூக்குக் குரல். 'இன்று போய் நாளை வாராய்' பாட்டை வேறு யார் பாடியிருந்தாலும் ராவணனுக்கு அந்த அவமானம் வந்திருக்காது என்பது என் கட்சி.

டி.எம்.எஸ். வைத்த சோதனை

டி.எம்.எஸ். குரலை எனக்குத் தெரியும் என்ற திமிரில் இருந்தேன். மச்சான் ஒரு நாள் புதுச் சிக்கல் கொண்டுவந்தார். "பாடினது டி.எம்.எஸ்.னு யாரும் சொல்லிடுவாங்க மாப்ள. சிவாஜிக்கா எம்.ஜி.ஆருக்கான்னு குரலை வச்சுச் சொல்லு பார்ப்போம்."

எனக்குத் தெரியாத பாட்டுகளாகத் தேடி எடுத்துவந்தார். 1954இல் 'தூக்கு தூக்கி'யில் சிவாஜிக்கும் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ். பாடினார். அந்தக் காலத்துப் பாட்டுகளில் எனக்கு வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை, பாதிக்குப் பாதிதான் சொன்னேன். அறுபதுகளுக்கு வந்ததும் தெளிவாகிவிட்டது. 1965ஆம் வருடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை'யின் 'நான் ஆணையிட்டால்', 'சாந்தி'யின் 'யார் அந்த நிலவு'. இரண்டுக்கும் இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. முதல் பாட்டில் குரல் தொண்டையின் முன்பக்கத்தில், வெளிச்சமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. இரண்டாவதில் அடிவயிற்றிலிருந்து புகைபோலச் சுருண்டு வருகிறது. பத்துப் பாட்டில் எட்டு சரியாகச் சொன்னேன்.

நடிகரை மறக்கத்தானே நான் இத்தனை பாடுபட்டேன்! இங்கே என்னடாவென்றால் பாடகரே நடிகரைக் குரலுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

சளி பிடித்த சுசீலா

பெண் குரல்களுக்கு 'தேன் நிலவு' படத்தைப் பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டேன். 1961, ராஜாவின் இசை. சுசீலா, ஜானகி, ஜிக்கி மூன்று பேரும் ஒரே படத்தில் கிடைக்கிறார்கள். இது ஓரளவு சுமுகமாகவே போயிற்று.

சிக்கல் வந்தது அப்பாவின் கேசட்டில். 'மாலைப் பொழுதின் மயக்கத்திலே' ஓடியது, கனமான, கொஞ்சம் இழுவையான குரல். யோசித்து 'பி.லீலா' என்று எழுதினேன். சீட்டில் சுசீலா. நம்ப முடியாமல் அத்தைக்குப் போன் போட்டு ரிசீவரை ஸ்பீக்கர் பக்கம் காட்டினேன். "சுசீலாதான். ஆனா சளி பிடிச்ச மாதிரி இருக்கு. உன் மிஷினைப் பாரு" என்றார்.

மகளின் கீபோர்டை வைத்து ஒப்பிட்டேன். போனில் இருக்கும் அதே பாட்டைவிடக் கேசட்டில் சுருதி சரியாக அரைக் கட்டை கீழே. வேகம் ஆறு சதவீதம் குறைந்தாலே அரைக் கட்டை இறங்கிவிடும், குரலின் நிறமும் கூடவே மாறிவிடும். மெக்கானிக் பிளேயரைத் திறந்து காட்டினார், உள்ளே ரப்பர் பெல்ட் நைந்து இடியாப்பமாகத் தொங்கியது. புதுப் பெல்ட் போட்ட பிறகும் கொஞ்சம் மந்தமாகவே ஓடியது. மோட்டாரின் பின்னால் ஒரு சின்னத் துளை, அதற்குள் ஒரு திருகு. மெல்லிய ஸ்குரூ டிரைவரை விட்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். நான் போனில் அதே பாட்டை ஓடவிட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். ஓர் இடத்தில் இரண்டு சுசீலாக்களும் ஒருவராகிவிட்டார்கள். மெக்கானிக்கும் தலையாட்டினார், அவர் காதுக்கும் கேட்டிருக்கிறது.

அதற்கு முன் அந்தப் பிளேயரில் வைத்த தேர்வுகளை எல்லாம் நோட்டில் அடித்துவிட்டேன். மொத்தம் மூன்று. மதிப்பெண் குறைவாக வந்த மூன்றும் அவைதான் என்று மகள் இன்னும் குத்திக்காட்டுகிறாள்.

இப்போதைய நிலவரம்

போன வாரம் இருபதுக்குப் பதினேழு. தவறிய மூன்றில் ஒன்று எம்.எல்.வசந்தகுமாரி, லீலா என்று சொல்லிவிட்டேன். இன்னொன்று ஜமுனா ராணி. அவர் குரலின் கரகரப்பு ஜிக்கியின் பிசிறோடு இன்னும் எனக்குக் கலக்கிறது. 'பாசமலர்' படத்தின் 'பாட்டொன்று கேட்டேன்' இந்த வாரம் தினமும் இரண்டு வேளை. மூன்றாவது ஒரு குழுப் பாட்டு, அதை விட்டுவிட்டேன்.

நேற்று அத்தை வந்திருந்தபோது மகளுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் சீட்டை நானே வாசித்தேன். "பாடியவர் ஏ.எம்.ராஜா, படம் தேன் நிலவு" என்று ஆரம்பித்ததும் அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"படத்துப் பேரை முதல்ல சொல்லுடா. அப்புறம் பாடினவங்க. மறுபடியும் முதல்லேர்ந்து வா."