ஜேடு டாலர்: உளிக்கு வேலையில்லாத செதுக்கு வேலை

செதுக்குவது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, ஜேடு என்ற நகைக்கல்லின் ஒரு வகையான நெஃப்ரைட்டில் உளிக்கு வேலை கிடையாது. அடித்தால் சில்லு லேசில் பெயராது. டிரெமோலைட், ஆக்டினோலைட் என்ற கனிமங்களின் மிக நுண்ணிய நார்கள் கம்பளிபோலப் பின்னிக் கிடப்பதுதான் இந்தக் கல். கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 6 முதல் 6.5 வரைதான், குவார்ட்ஸ் அதைக் கீறிவிடும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் மட்டும் கதை வேறு, முதலில் உடைவது குவார்ட்ஸ்தான். நியூசிலாந்து மாவோரிகள் மணற்கல்லும் தண்ணீரும் வைத்துத் தேய்த்தே இதை உருவாக்கினார்கள். இன்று மணற்கல்லின் இடத்தில் வைரத்தூள் வந்திருக்கிறது. வேலை அதே தேய்ப்பு வேலைதான்.

முரட்டுக் கல்லாக வாங்குபவர்களுக்கு அதிகம் கிடைப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கல். சைபீரியாவிலிருந்தும் வருகிறது. கல்லை நனைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எந்தக் கல்லும் அழகாகத்தான் இருக்கும். அதை நம்பி வாங்கக் கூடாது. நனைத்த பலகையை, அதாவது தட்டையாக அறுத்த கல்துண்டை, துணியால் துடைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் எங்கே ஈரக்கோடு தங்குகிறதோ அங்கே விரிசல். பலகையை நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் நல்ல கல் மணிபோல ஒலிக்கும், விரிசல் விழுந்தது 'டொக்' என்று அடங்கிவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாக் கல்லில் கறுப்புப் புள்ளிகள் சகஜம், பெரும்பாலும் குரோமைட் என்ற கனிமம். பளிச்சென்ற பச்சைப் புள்ளிகள் கார்னெட்டாக இருக்கலாம். பார்க்க அழகு, மெருகில் தொல்லை: குரோமைட் பெயர்ந்து குழி விழும், கார்னெட் தேயாமல் மேடாக நிற்கும். டாலரின் முகப்பில் அவை வராதபடி வடிவ அச்சை நகர்த்தி வைத்து வரையுங்கள்.

கல் நெஃப்ரைட்தானா என்பதை அறிய ஒரு டிஜிட்டல் தராசு போதும். கல்லை எடை போடுங்கள், 23.6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். தராசு 8.0 காட்டினால், 23.6-ஐ 8.0 ஆல் வகுக்க 2.95. நெஃப்ரைட்டின் அடர்த்தி அதுதான். ஜேடின் இன்னொரு வகையான ஜேடைட் 3.3-ஐத் தாண்டும். 'இந்தியன் ஜேடு' என்று விற்கப்படும் அவென்சுரின் ஒரு குவார்ட்ஸ் வகை, 2.65 பக்கம் நிற்கும். 'நியூ ஜேடு' என்ற பெயரில் வரும் செர்பென்டைனும் ஏறக்குறைய அதே அளவுதான், பெரும்பாலும் கத்திமுனைக்குக் கீறல் விழும்.

கழுத்தில் தொங்கும் ஒரு டாலர் செய்ய 6 முதல் 8 மி.மீ. தடிமனுள்ள பலகை போதும். 40 × 25 × 6 மி.மீ. துண்டு சுமார் 18 கிராம் இருக்கும், வடிவம் கொடுத்தபின் அதில் நல்ல பங்கு சேறாகப் போய்விடும். புதியவர்கள் செய்யும் தவறு, வடிவத்தை முடித்துவிட்டுக் கடைசியில் துளை போடுவது. துளையை முதலில் போடுங்கள். பலகை தட்டையாக இருக்கும்போது துளைப்பான் வழுக்காது, கல் கெட்டாலும் போவது அரைமணி உழைப்பு மட்டும். 2 மி.மீ. வைரத் துளைப்பான், குறைந்த வேகம், கல்லைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டி உள்ளே தண்ணீர். தொடர்ந்து அழுத்தாமல், இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றித் துளையிட வேண்டும். சேறு வெளியேறாவிட்டால் நுனி சூடேறி வைரம் உதிரும். பாதி ஆழம் போனதும் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து வாருங்கள். ஒரே பக்கமாகக் குடைந்தால் துளைப்பான் வெளிவரும் வாயில் சில்லு பெயரும்.

வடிவம் கொடுக்க 80 கிரிட் வைரச் சக்கரம் (கிரிட் எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்), உள்வளைவுகளுக்கு சின்டர் செய்த, அதாவது வைரத்தூளை உலோகத்தோடு சூட்டில் இறுக்கிய, வைர பர் என்ற சிறு குடைமுனை. இங்கே அழுத்தம்தான் எதிரி. முரட்டு கிரிட்டில் பலமாக அழுத்தினால் நார்கள் நசுங்கி வெள்ளைத் தழும்பு விழும், அது கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். அடுத்து 220, 400, 600, 1200, 3000. ஒவ்வொரு கட்டத்திலும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் மிச்சமிருப்பது குறுக்காகத் தெரியும். கல்லைக் காயவைத்த பிறகே பாருங்கள், ஈரம் எல்லாக் கீறலையும் மறைத்துவிடும். நேரத்தில் பெரும்பகுதி 220-க்கும் 400-க்கும் போக வேண்டும். அங்கே அவசரப்பட்டவர்கள் 3000-லிருந்து திரும்ப 220-க்கு வருவார்கள்.

இனிதான் நெஃப்ரைட்டின் உண்மையான சோதனை. மெருகு ஏற ஏற மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத் தோல்போலப் பொரிப்பொரியாக மாறும். நார்க்கட்டுகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. ஒரு திசைக் கட்டு சீக்கிரம் தேய்கிறது, பக்கத்துக் கட்டு நிற்கிறது. கல்லை உடையவிடாத அதே பின்னல்தான் மெருகையும் கெடுக்கிறது. மென்மையான பஞ்சுப்பட்டையில் அதிக நேரம் வைத்தால் மோசமாகும், ஏனென்றால் பஞ்சு பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தோண்டும். பள்ளத்தில் இறங்காத கெட்டியான தளம் வேண்டும்: கடின மரத்திலோ இறுக்கமான தோலிலோ நுண் வைரப் பசை தடவி, குறைந்த நேரத்தில் முடித்துவிடுவது. கடைசியில் தோலில் குரோமியம் ஆக்சைடு என்ற பச்சை மெருகுத்தூள் நன்றாக வேலை செய்யும். பச்சைக் கல்லுக்கு மட்டும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளை நெஃப்ரைட்டின் மயிரிழை விரிசலில் அந்தப் பச்சை புகுந்தால் வெளியே வராது. எவ்வளவு செய்தும் மினுங்க மறுக்கும் கல்லும் உண்டு. அதை 1200-லேயே மங்கலான பட்டு மெருகோடு நிறுத்திவிடலாம். கழுத்தில் போடும் கல்லுக்கு என் கண்ணில் அதுவே அழகு.

தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். டிரெமோலைட்டும் ஆக்டினோலைட்டும் ஆஸ்பெஸ்டாஸ் வடிவிலும் கிடைக்கும் கனிமங்கள். நெஃப்ரைட் ஆஸ்பெஸ்டாஸ் அல்ல, ஆனால் அதன் தூளை மூச்சில் இழுக்க எந்த நியாயமும் இல்லை. எல்லா வேலையும் தண்ணீரோடு, நுண்தூசியை வடிகட்டும் பி100 முகமூடியோடு. மேசையில் தெறித்த சேற்றை அன்றே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் அது மறுபடியும் தூசி.

விற்கும்போது காரட் கணக்கு வேண்டாம். மி.மீ. அளவு, கிராம் எடை, கல்லின் பூர்வீகம், சாயமோ மெழுகோ ஏற்றியிருக்கிறதா, இவ்வளவும் எழுதினால் போதும். 'ஏ டைப்' (சாயமோ பிசினோ ஏற்றாதது) என்ற முத்திரை ஜேடைட் வியாபாரத்தில் பிறந்தது, நெஃப்ரைட்டுக்கு ஒட்டவைப்பது வீண் ஜம்பம். பின்னாலிருந்து விளக்கடித்து எடுத்த படம் மட்டும் போட்டால் வாங்கியவர் திருப்பி அனுப்புவார். நிழல் வெளிச்சத்தில் எடுத்த படமும் பக்கத்தில் இருக்கட்டும். விலையைக் கல்லின் எடை தீர்மானிப்பதில்லை, உழைத்த மணிநேரம்தான். வளையல் மட்டும் விதிவிலக்கு: விரிசலில்லாத பெரிய பலகை வேண்டும், நடுவட்டம் கழிவாகப் போகும். அந்த வட்டத்தில் மோதிரக் கல்லும் காதணியும் எடுத்தால்தான் கணக்கு கட்டும்.

பெயரிலும் கவனம் வேண்டும். 'பௌனமு' என்பது நியூசிலாந்துக் கல்லுக்கு மட்டுமே உரிய பெயர். 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி நை தாஹு என்ற மாவோரி இனக்குழுவின் பாரம்பரிய எல்லைக்குள் இயற்கையாகக் கிடக்கும் பௌனமு அவர்களுக்குச் சொந்தம். கனடாக் கல்லில் மாவோரிகளின் தூண்டில் வடிவம் செதுக்கி அந்தப் பெயரில் விற்பது வாங்குபவரையும் அவர்களையும் சேர்த்து ஏமாற்றுவது.

அனுப்புவதற்கு முன் துளையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் கூம்பு பர் வைத்து இருபுறமும் சரித்து, 1200 வரை தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த விளிம்பே நாளடைவில் கயிற்றை அறுத்துவிடும்.